அண்மை எதிர்காலம்

மழை பெய்யப் போகிறது என்று சொல்கிறோம். மழை எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை. விளக்கு அணையப் போகிறது, பால் பொங்கப் போகிறது, பொழுது விடியப் போகிறது என்றெல்லாம் நாள்தோறும் பேசுகிறோம். இவற்றுள் எதற்கும் கால் கிடையாது. எதுவும் ஓரிடம் விட்டு வேறோரிடம் செல்வதுமில்லை. ஆயினும், இன்னும் நிகழாத ஒன்றைச் சொல்ல வரும்போது ‘போ’ என்னும் வினையைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். பழகிப்போன காரணத்தால் இதிலுள்ள புதுமை நமக்குத் தோன்றுவதில்லை. வேறொரு மொழியைக் கற்கும்போதோ, பிறருக்குக் கற்பிக்கும்போதோதான் நம் வீட்டுப் பொருளின் அருமை கண்ணில் படுகிறது. எனக்கு அதைக் காட்டியது பிரெஞ்சு மொழி.

நான் பிறந்தது 1950-ஆம் ஆண்டில், புதுச்சேரியில். அப்பொழுது அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்தபோது எனக்கு நான்கு வயது. ஆட்சி மாறினாலும் பள்ளியில் மொழி உடனே மாறிவிடவில்லை. தமிழ் அரிச்சுவடியையும் பிரெஞ்சு அரிச்சுவடியையும் ஒரே பையில் சுமந்து சென்றவர்கள் நாங்கள். பின்னர் 1973-இல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து தில்லிக்கு வந்தேன். இங்கு முப்பத்தேழு ஆண்டுகள் கோப்புகளோடு காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு, அண்டை வீடுகளிலுள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் மாலை வேளைகளில் பிரெஞ்சுப் பாடம் கேட்க வரத் தொடங்கினார்கள். தில்லிப் பள்ளிகள் பலவற்றில் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்து வருவதை இம்மலரைப் படிக்கும் பெற்றோர் நன்கு அறிவார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு எதிர்காலம் கற்பிக்கும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். பிரெஞ்சில் எதிர்காலத்தைச் சொல்ல இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று வினைச்சொல்லையே உருமாற்றிச் சொல்வது. அதற்கு ‘ஃப்யூத்யூர் ஸான்ப்ல்’ என்று பெயர். தனி எதிர்காலம் எனலாம். மற்றொன்று ‘போ’ என்னும் வினையைத் துணையாகக் கொண்டு சொல்வது. அதற்கு ‘ஃப்யூத்யூர் ப்ரோஷ்’ என்று பெயர். அண்மை எதிர்காலம் என்பது அதன் பொருள்.

இதை ஆக்கும் முறை மிக எளிது. பிரெஞ்சில் ‘போ’ என்பதற்குரிய வினை ‘அலே’. அதன் நிகழ்கால வடிவங்களை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நான் போகிறேன் என்பது ‘ழெ வே’. நீ போகிறாய் ‘த்யூ வா’. அவன் போகிறான் ‘இல் வா’. அவள் போகிறாள் ‘எல் வா’. நாம் போகிறோம் ‘நூ ஸலோன்’. நீங்கள் போகிறீர்கள் ‘வூ ஸலே’. அவர்கள் போகிறார்கள் ‘இல் வோன்’. (பிரெஞ்சு ஒலிகளுக்குத் தமிழில் நேர் எழுத்தில்லை. ‘ழான்’, ‘ழாக்’ என்று பெயர்களை எழுதும் வழக்கத்தையொட்டி இங்கே ‘ழ’கரத்தைக் கையாண்டிருக்கிறேன்.) இவற்றில் ஒன்றை எடுத்து, அதன் பின்னே செய்ய வேண்டிய செயலின் மூல வடிவத்தை அப்படியே வைத்துவிட்டால் போதும். ‘ஷான்த்தே’ என்றால் பாட. ‘ழெ வே ஷான்த்தே’ என்றால் பாடப் போகிறேன். ‘பார்த்திர்’ என்றால் புறப்பட. ‘நூ ஸலோன் பார்த்திர்’ என்றால் புறப்படப் போகிறோம். செயலைக் குறிக்கும் சொல் யாருக்காகவும் மாறுவதில்லை. மாறுவதெல்லாம் ‘போ’ மட்டுமே.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. பாட, ஆட, ஓட என வரும் இவ்வடிவத்தை நாம் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்கிறோம். அதனோடு ‘போகிறேன்’ சேர்கிறது. வரிசைதான் வேறு, பிரெஞ்சில் ‘போ’ முன்னே நிற்கும், தமிழில் பின்னே நிற்கும். இந்த ஒற்றுமையின் உச்சம், போவதையே அண்மை எதிர்காலத்தில் சொல்லும்போது தெரியும். ‘ழெ வே அலே’ என்கிறான் பிரெஞ்சுக்காரன். ‘போகப் போகிறேன்’ என்கிறோம் நாம். ஒரே வினை இருமுறை வருகிறது. ஒன்று நடக்கும் கால். மற்றொன்று நடக்கவிருக்கும் காலம்.

எதிர்மறையிலும் இந்த உறவு தொடர்கிறது. பிரெஞ்சில் இல்லை என்பதற்கு ‘நெ’, ‘பா’ என்னும் இரண்டு சிறு சொற்கள் உண்டு. அவை செயலைத் தொடுவதில்லை. ‘போ’வை இருபுறமும் அணைத்துக்கொண்டு நிற்கும். ‘ழெ நெ வே பா மான்ழே’ என்றால் சாப்பிடப் போவதில்லை என்று பொருள். தமிழிலும் சாப்பாடு அப்படியே இருக்க, ‘போ’வின்மேல்தான் ‘இல்லை’ ஏறுகிறது. ‘அதை’ என்னும் செயப்படுபொருள் வந்தால் அது துணைவினையிடம் போகாமல் செயலின் பக்கத்தில் அமர்ந்துகொள்ளும். ‘ழெ வே லெ ஃபேர்’ என்பதில் ‘லெ’ என்பது ‘அதை’. ‘ஃபேர்’ என்பது ‘செய்ய’. ‘அதைச் செய்யப் போகிறேன்’ என்னும்போது நம் ‘அதை’யும் ‘செய்ய’வின் தோளில்தான் சாய்ந்திருக்கிறது. பிள்ளைகள் சற்றே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எழுந்திருத்தல், கழுவிக்கொள்ளுதல் போன்ற, தன்னைத் தானே நோக்கும் வினைகளில் உடன் வரும் சிறு சொல் ஆளுக்கு ஏற்ப மாற வேண்டும். நான் எழுந்திருக்கப் போகிறேன் என்பதற்கு ‘ழெ வே மெ லெவே’. நீ எழுந்திருக்கப் போகிறாய் என்பதற்கு ‘த்யூ வா தெ லெவே’. அதை மட்டும் நான்கைந்து நாள் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

கடந்த காலத்தில் ஒரு செயல் தொடங்குமுன் தடைப்பட்டதைச் சொல்லவும் இதே அமைப்பு உதவும். ‘ழாலே பார்த்திர்’ என்றால், ‘புறப்படப் போனேன், அதற்குள் ஏதோ வந்து குறுக்கிட்டது’ என்பது கருத்து. நாமும் ‘சொல்லப் போனேன், அதற்குள் அவர் எழுந்துவிட்டார்’ என்கிறோம். ‘தண்ணீர் எடுக்கப் போகிறேன்’ என்றால், குடத்தோடு நடந்து செல்வதா, இனிமேல்தான் எடுக்க எண்ணமா என்னும் ஐயம் நம் மொழியில் எழுவதுபோலப் பிரெஞ்சிலும் எழும். சொல்பவரின் இடுப்பில் குடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெளிய வேண்டும்.

ஆக்கும் முறை இவ்வளவே. வழங்கும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. அண்மை எதிர்காலம் என்று பெயரிட்டுவிட்டதால், சில நொடிகளிலோ சில நாட்களிலோ நிகழப்போவதற்கு மட்டுமே இது உரியது என்று மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். பாடநூல்கள் சிலவும் அவ்வாறே சொல்லி நிறுத்திவிடுகின்றன. இது பாதி உண்மையே. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தையற்காரரிடம் துணி கொடுத்துவிட்டு, ‘தீபாவளி வரப் போகிறது’ என்கிறோம். கடிகாரத்தைப் பார்த்து நாம் அதைச் சொல்வதில்லை. துணி வெட்டப்பட்டுவிட்டது, பண்டிகை தொடங்கிவிட்டது என்று நம் மனம் கொள்கிறது.

பிரெஞ்சு இலக்கண ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் ஒரு சான்று உண்டு. ‘எல் வா அவ்வார் அன் ஆன்ஃபான்’ என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று பொருள். கேட்டவர் உடனே புரிந்துகொள்வார்: அவள் கருவுற்றிருக்கிறாள். ‘எல் ஓரா அன் ஆன்ஃபான்’ என்று தனி எதிர்காலத்தில் சொன்னால், என்றேனும் ஒரு நாள் அவளுக்குக் குழந்தை பிறக்கும் என்பது மட்டுமே கிடைக்கும். தமிழில் இவ்வேறுபாடு இன்னும் துலக்கமாக இருக்கிறது. ‘பிள்ளை பிறக்கப் போகிறது’ என்பது செய்தி. ‘பிள்ளை பிறக்கும்’ என்பது வாழ்த்து. அல்லது சோதிடரின் சொல். செய்தியைக் கேட்டவர்கள் தொட்டிலைத் தேடுவார்கள். வாழ்த்தைக் கேட்டவர்கள் கைகூப்பிவிட்டு வீடு திரும்புவார்கள்.

சுவரின்மேல் ஏறி நடக்கும் சிறுவனைக் கண்ட தாய், ‘விழப் போகிறாய்!’ என்றுதான் கூவுவாள். ‘விழுவாய்!’ என்று அவள் வாய் சொல்லாது. சொன்னால் அது சாபமாகிவிடும். பிரெஞ்சுத் தாயும் ‘த்யூ வா தோம்பே!’ என்றே கூவுகிறாள். கால் சறுக்குவதை அவள் கண் இப்போதே காண்கிறது. வானம் கறுத்திருக்கும்போது ‘இல் வா ப்லெவ்வார்’, அதாவது மழை பெய்யப் போகிறது. எனவே, இக்காலத்தின் அண்மை நாட்கணக்கில் அளக்கும் அண்மையன்று. நிகழவிருப்பதன் வேர் இந்த நொடியில் ஊன்றியிருக்கிறது என்பதே இதன் உட்பொருள். கருமேகமோ, கருவோ, சறுக்கிய காலோ, எடுத்த முடிவோ, ஏதோ ஒன்று இப்போது கையில் இருக்க வேண்டும். அது இல்லாதபோது தனி எதிர்காலமே தக்கது.

ஒரு மொழி தன் எதிர்காலத்தை எவ்வாறு ஆக்கிக்கொள்கிறது என்பதை ஆராய்ந்தால் வியப்பாக இருக்கிறது. இலத்தீன் மொழியில் இருந்த பழைய எதிர்கால வடிவங்கள் பேச்சுவழக்கில் தேய்ந்து மறைந்தன. மக்கள், ‘பாட எனக்கு உண்டு’ என்னும் போக்கில் ‘உடைத்தாயிரு’ என்னும் பொருளுள்ள வினையைச் சேர்த்துப் பேசத் தொடங்கினார்கள். நாளடைவில் அவ்விரு சொற்களும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாயின. பிரெஞ்சில் ‘பாடுவேன்’ என்பதற்கு வழங்கும் ‘ஷான்த்ரே’ அப்படிப் பிறந்ததுதான். இந்த ஒட்டு வடிவம் எழுத்தில் முதன்முதலாகக் காணப்படும் இடங்களுள் ஒன்று, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபிரெதேகாரின் வரலாற்று நூல். அதில் ஒரு கதை வருகிறது. உரோமப் பேரரசர் ஜஸ்டினியன் பாரசீக மன்னனிடம் சில நாடுகளைத் திருப்பிக் கேட்கிறார். ‘கொடுக்க மாட்டேன்’ என்கிறான் மன்னன். ‘தராஸ்’, அதாவது ‘கொடுப்பாய்’ என்கிறார் பேரரசர். அச்சொல் நிகழ்ந்த இடத்தில் எழுந்த நகரத்திற்குத் ‘தராஸ்’ என்பதே பெயராயிற்று என்று அந்நூல் கூறுகிறது. கதை உண்மையோ புனைவோ, மக்கள் நாவில் வழங்கிய புதிய எதிர்காலம் அதில் பதிந்துவிட்டது.

அன்று இரண்டு சொல்லாக இருந்தது இன்று ஒரு சொல்லாகிவிட்டது. அதன் இடத்தை ‘அலே’ என்னும் வினை இப்போது மெல்ல நிரப்பி வருகிறது. பிரான்சில் அன்றாடப் பேச்சில் தனி எதிர்காலத்தின் இடத்தை அண்மை எதிர்காலம் பலவிடங்களில் எடுத்துக்கொண்டுவிட்டது. கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பேச்சில், தனி எதிர்காலம் பெரும்பாலும் எதிர்மறை வாக்கியங்களில்தான் தங்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் தில்லித் தெருவில் பேசும் இந்தியிலும் ‘போதல்’ ஒளிந்திருக்கிறது. ‘ஜாவூங்கா’, ‘கரூங்கா’ என்பவற்றின் ஈற்றிலுள்ள ‘கா’, ‘சென்ற’ எனப் பொருள்படும் ‘கத’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது என்று மொழிநூலார் விளக்குகிறார்கள். பிரெஞ்சின் உடன்பிறப்பாகிய கத்தலான் மொழியிலோ கதை தலைகீழ். அங்கே ‘போகிறேன்’ என்பதோடு ‘பாட’ என்பதைச் சேர்த்தால், ‘பாடினேன்’ என்று இறந்தகாலப் பொருள் வந்துவிடும்! கால் ஒன்றே, ஒருவன் முன்னே நடக்கிறான், மற்றவன் பின்னே நடக்கிறான்.

நம் இலக்கணத்தார் காலத்தை மூன்றாகப் பகுத்தார்கள். ‘செய்யப் போகிறேன்’ என்பதற்குப் பள்ளியில் நாங்கள் படித்த இலக்கணத்தில் தனிப்பெயர் இருக்கவில்லை. எனினும், காலத்திற்கும் மனத்திற்கும் உள்ள உறவை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். தொல்காப்பியமும் நன்னூலும் விரைவு, தெளிவு முதலிய காரணங்களால் ஒரு காலத்திற்குரிய சொல் வேறொரு காலத்தில் வழங்குவதை ஏற்றுக்கொள்கின்றன. உண்டு முடிக்காதவனைப் பார்த்து, ‘இன்னும் உண்ணவில்லையா?’ என்று வெளியே நிற்பவன் கேட்டால், ‘உண்டேன், வந்தேன்’ என்று உள்ளேயிருப்பவன் விடையிறுப்பதை உரையாசிரியர்கள் காட்டுகிறார்கள். இன்றும் அடுக்களையிலிருந்து ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் வருகிறதே, அதுவே இது. ஆக, வினையின் காலம் என்பது நாட்காட்டியின் காலம் மட்டுமன்று. பேசுகிறவரின் உறுதியும் அதில் கலந்திருக்கிறது. பிரெஞ்சு அண்மை எதிர்காலமும் அந்த உறுதியின் மொழிதான்.

இந்த உறுதியைப் பற்றி நான் இலக்கண நூலில் படித்ததைவிட என் வீட்டில் கண்டது அதிகம். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், பிரெஞ்சு நாட்டோடு செய்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆறு மாதமும் எங்கள் தெருவில் திண்ணைகள் தூங்கவில்லை. ‘என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்பதே ஒருவரையொருவர் கேட்ட கேள்வி. ‘பார்ப்போம்’ என்றவர்களும் இருந்தார்கள். ‘எழுதிக் கொடுக்கப் போகிறேன்’ என்றவர்களும் இருந்தார்கள். முன்னவர்களுக்கு நாள் கடந்தது. பின்னவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தந்தையார் எழுதிக் கொடுக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவரான என் தமையனார் எழுதிக் கொடுத்தார். 1964-இல் அவர் பிரான்சுக்குக் கப்பலேறித் துலூஸ் நகரத்தில் குடியமர்ந்தார்.

அண்ணனும் நானும் பிரெஞ்சில் கடிதம் எழுதிக்கொள்வோம். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாதாகையால், அவருக்கு மட்டும் தமிழில் எழுதுவார். அம்மாவும் தமிழில் பதில் எழுதுவார். அண்ணனின் தொடக்க காலக் கடிதங்களெல்லாம் ‘நூ ஸலோன் வெனிர்’ என்று முடியும். ‘நாங்கள் வரப் போகிறோம்’ என்பது பொருள். அது வெறும் உபசாரச் சொல்லன்று. அப்பா வீட்டிற்குப் பின்னாலிருந்த மனையை வாங்கி, அங்கே வீடு கட்டுவதற்காக மாதந்தோறும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். கிணறும் வெட்டியாயிற்று. பிள்ளைகள் அங்கே பள்ளியில் சேர்ந்தார்கள். அம்மா 1978-இல் காலமானார். 1983-இல் அண்ணன் அந்த மனையை விற்றுவிட்டார். 2009-இல் அவர் துலூஸிலேயே மறைந்த பிறகு, பழைய கடிதங்களை வரிசைப்படுத்தி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மனை விற்ற ஆண்டிலிருந்து அவர் கடிதங்களில் ‘நூ ஸலோன் வெனிர்’ இல்லை. அந்த இடத்தில் ‘நூ வியான்த்ரோன்’ வந்திருந்தது: வருவோம். சில ஆண்டுகள் கழித்து அதுவும் போய், ‘ஓன் வெரா’ என்று நின்றிருந்தது: பார்ப்போம்.

அவர் எங்களை ஏமாற்ற எண்ணவில்லை. மனையும் கிணறும் இருந்தவரை ‘வரப் போகிறோம்’ என்று எழுதினார். அவை கைவிட்டுப் போனதும், அந்தச் சொல்லுக்குத் தமக்கு உரிமையில்லை என்பதை அவருடைய பேனா அறிந்திருந்தது. வாயால் சொல்ல மனம் வராத ஒன்றை வினைமுற்று சொல்லிவிட்டது. அவருடைய நேர்மையை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

அண்ணனின் பேத்தி 2019-ஆம் ஆண்டு சனவரியில் தில்லிக்கு வந்து எங்களோடு மூன்று வாரம் தங்கினாள். அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தமிழில் அவள் அறிந்திருந்தவை ‘தாத்தா’, ‘பாட்டி’, ‘சோறு’, ‘போதும்’ ஆகிய நான்கு சொற்களே. வந்த இரண்டாம் நாள் ஒரு தகரப் பெட்டியின் புகைப்படத்தைக் காட்டினாள். என் தாயார் தம் மூத்த மகனுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. துலூஸ் வீட்டில் அவற்றைப் படிக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. புகைப்படம் எடுத்து அனுப்பினால் நானே படித்துப் பிரெஞ்சில் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் ஒப்பவில்லை. “சின்னத் தாத்தா, ழெ வே லே லீர்” என்றாள். ‘அவற்றை நான் படிக்கப் போகிறேன்’ என்பது பொருள். ‘படிப்பேன்’ என்று அவள் சொல்லவில்லை. அன்று மாலையே அரிச்சுவடி வாங்கி வந்தோம்.

என்னிடம் பிரெஞ்சு கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வழியே ‘அலே’யை விளக்கியவன், அவளுக்குப் பிரெஞ்சு வழியே ‘போ’வை விளக்கினேன். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள் என்று இரண்டே நாளில் ஒப்பித்துவிட்டாள். ‘வர’, ‘படிக்க’, ‘எழுத’ என்பவற்றை முன்னே வைத்தால் போதும் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. “எங்கள் மொழியில் இருப்பதுபோலவே இருக்கிறதே!” என்று பிரெஞ்சில் வியந்தாள். “இதுவும் உன் மொழிதான் அம்மா” என்றேன். விமான நிலையத்தில், தமிழர்கள் விடைபெறும்போது வெறுமனே ‘போகிறேன்’ என்பதில்லை, ‘போய் வருகிறேன்’ என்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு வாரம் ஒருமுறை தொலைபேசியில் பாடம் நடந்து வருகிறது. அம்மாவின் எழுத்து சாய்ந்த எழுத்து. புள்ளி வைக்காமல் எழுதும் பழக்கம் வேறு அவருக்கு உண்டு. ஒரு கடிதத்தைப் படிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆகிறது. இதுவரை பதினொரு கடிதங்கள் முடிந்திருக்கின்றன.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்முடைய குடும்பங்களில் இரண்டு வாக்கியங்களை அடிக்கடி கேட்கிறேன். ‘ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பப் போகிறோம்’ என்பது ஒன்று. ‘பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம்’ என்பது மற்றொன்று. முதல் வாக்கியம் நிறைவேறாவிட்டால் பெருங்கேடு எதுவுமில்லை. வாழ்கிற இடமே ஊராகிவிடும். என் ஊரும் இப்போது தில்லிதான். இரண்டாவது வாக்கியம் அப்படிப்பட்டதன்று. அதற்குக் கெடு உண்டு. குழந்தைக்கு ஐந்து வயதாக இருக்கையில் ‘கொடுக்கப் போகிறோம்’ என்று தொடங்கியது, பத்து வயதில் ‘கொடுப்போம்’ என்றாகி, பொதுத்தேர்வு நெருங்கும்போது ‘பார்ப்போம்’ என்று முடிவதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். எவரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. பெருநகரத்து வாழ்வின் நெருக்கடியை நானும் அறிவேன். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் எல்லாருக்கும் எட்டும் தொலைவில் இல்லை. மாலையில் களைத்து வரும் பெற்றோருக்குப் பொழுதும் இல்லை.

ஆயினும், இலக்கணம் கேட்கும் சான்று மிகச் சிறியது. மனையும் கிணறும் வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம். ஊரிலுள்ள பாட்டிக்கு மாதம் ஓர் அஞ்சலட்டையை அந்தப் பிள்ளையின் கையாலேயே எழுதுவித்தல். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஓரிடம். இவற்றில் ஏதேனும் ஒன்று இன்று தொடங்கியிருந்தால், ‘கற்பிக்கப் போகிறோம்’ என்று தயங்காமல் சொல்லலாம். வாக்கியத்தின் வேர் நிகழ்காலத்தில் ஊன்றிவிட்டது.

பிரெஞ்சு படிக்க வரும் பிள்ளைகளிடம் இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அண்மை எதிர்காலத்தில் பத்து வாக்கியங்களைப் பிரெஞ்சில் எழுதியதும், அவற்றுக்கு நேரே தமிழிலும் எழுத வேண்டும். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைக்கு அன்று முதல் வாரம் மூன்று எழுத்து நான் சொல்லிக் கொடுக்கிறேன். சென்ற மாதம் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் பத்தாவது வாக்கியமாக, அண்மையில் கற்ற எழுத்துகளைக் கோணல்மாணலாகக் கூட்டி, ‘நான் பாட்டிக்குக் கடிதம் எழுதப் போகிறேன்’ என்று எழுதியிருந்தாள். அவளுடைய புத்தகப் பையின் முன்னறையில் ஓர் அஞ்சலட்டை இருந்தது. அதில் திருநெல்வேலி முகவரியை அவள் முன்னதாகவே எழுதி வைத்திருந்தாள்.